தொழிலும் குடியேற்ற உரிமையும்: ஆஸ்திரேலிய வரலாறு தரும் பாடம்

ஒருவனுடைய தொழிலை வகுப்பது பிறப்பா, பயிற்சியா? இவ்வினாவின் கூர்மையை நம் மக்களைப் போல் உணர்ந்தவர் அரியர். பிறந்த தெருவே தொழிலை உரைத்துவிடும் என்றிருந்த நாட்டில் வாழ்ந்தவர் நாம். ஆதலின், கற்ற தொழிலையே அளவுகோலாகக் கொண்டு அயலவரை ஏற்கும் முறை எவ்வாறு தோன்றிற்று என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

இன்று தொழில் திறம் நோக்கும் ஆஸ்திரேலியாவும் முன்னர் நிறம் நோக்கிய நாடே. 1901ஆம் ஆண்டின் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம், வருவோர்க்கு ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களைச் சொல்ல, அவர் எழுத வேண்டும் என விதித்தது. எம்மொழி என்பதை அதிகாரியே தேர்ந்தெடுப்பார். வேண்டாதவரை விலக்குதற்கு இதனினும் எளிய வழி உண்டோ? 1934இல் பன்மொழி அறிந்த எழுத்தாளர் எகோன் கிஷ் என்பாருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இத்தேர்வு வைக்கப்பட்டது. அது செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வித் தேர்வு என்னும் பெயரிலும் அநீதி நுழையும் என்பதற்கு இஃதொரு சான்று.

1958ஆம் ஆண்டுச் சட்டம் அத்தேர்வை ஒழித்தது. 1966இல் தகுதி பெற்ற ஐரோப்பியரல்லாதார்க்கு வழி சிறிது திறந்தது. 1973இல் விட்லம் அரசு நிற வேறுபாட்டை அறவே நீக்கியது. இதனிடையே, 1967இல் கனடா கல்வி, வயது, மொழி, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளியிடும் முறையைக் கொணர்ந்தது. ஆஸ்திரேலியாவும் 1979இல் அவ்வழியை மேற்கொண்டது.

இம்முறையில் தொழிலின் பெயர் பெருமதிப்புப் பெற்றது. 2006இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து தொழில்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஆறிலக்க எண் அளித்தன. உணவகப் பணியை எடுத்துக்கொள்வோம். சமைப்பவருக்கு ஓர் எண். சமையலைத் திட்டமிட்டு நடத்தும் செஃப் என்பாருக்கு வேறோர் எண். உணவக மேலாளருக்கு மற்றோர் எண். நியமன ஆணையிலுள்ள பட்டம் எதுவாயினும், நாள்தோறும் செய்த வேலை எதுவென்பதே முடிவு செய்யும்.

பட்டியலை மட்டும் நம்பினால் நேர்வது யாதென்பதை 2010ஆம் ஆண்டு காட்டிற்று. சமையலும் முடிதிருத்தலும் தேவைத் தொழில்களாக இருந்தமையால், குடியுரிமை கருதியே அப்படிப்புகளில் சேர்ந்த அயல்நாட்டு மாணவர் பலர்; இந்தியரும் அவருள் மிகுதி. அவ்வாண்டு பிப்ரவரியில் தேவைப் பட்டியல் நீக்கப்பட்டது. ஜூலையில் நானூற்றுக்கு மேற்பட்ட தொழில்கள் கொண்டிருந்த பட்டியல் 181ஆகச் சுருங்கிற்று. சமையலும் முடிதிருத்தலும் அதில் இல்லை. கடன்பட்டுக் கட்டணம் செலுத்திய குடும்பங்களின் நிலை என்னவாகியிருக்கும்! 2014இல் செஃப் தொழில் மீண்டும் இடம்பெற்றது. ஆயினும் இடையில் கழிந்த ஆண்டுகள் மீளவில்லை.

2012 முதல் விருப்பம் பதிந்தோருள் அழைக்கப்பட்டோரே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 65 புள்ளி வேண்டும். அதனைப் பெற்றோர் அனைவரும் அழைக்கப்படுவர் என்பதில்லை. 2024 டிசம்பரில், முதலாளியின் பரிந்துரையால் செல்வோர்க்கென 456 தொழில்கள் கொண்ட புதிய பட்டியல் வந்தது. தனித்துச் செல்வோர்க்கும், மாநிலப் பரிந்துரை பெறுவோர்க்கும் உரிய பட்டியல்கள் வேறு.

எனவே, விண்ணப்பிக்க எண்ணுவோர் முதலில் தாம் செய்த பணிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுக. பின்னர் அவற்றோடு பொருந்தும் தொழில் விளக்கத்தைத் தேடுக. அத்தொழில் தாம் நாடும் விசாவுக்குரிய பட்டியலில் உளதா எனக் காண்க. அதனை மதிப்பிடும் அமைப்பு எது, அது கேட்கும் படிப்பும் அனுபவமும் எவை என அறிக. பொறியாளருக்கும் செவிலியருக்கும் மின்பணியாளருக்கும் வெவ்வேறு அமைப்புகள் உள. முகவரின் சொல் கேட்டுச் செய்யாத வேலைக்குச் சான்று வாங்குதல் கூடாது. பொய்ச் சான்று வெளிப்பட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும். மூன்றாண்டுகள் வேறு பல விசாக்களும் கிட்டா.

பிறர் விதித்த தொழிலை உதறிக் கல்வியால் எழுந்த சமுதாயம் நமது. இன்று ஒரு பட்டியல் விதிக்கும் தொழிலுக்காக நம் விருப்பையும் திறனையும் துறத்தல் தகுமோ? பட்டியல்கள் மாறும்; கற்ற கைத்திறன் மாறாது. நன்கு கற்போம், கற்றதற்கேற்ற வாயிலைத் தட்டுவோம்.