உயர்ந்த முகடு சொல்லாதது: துத்தநாக ஆக்சைடு நானோ தூளில் படிக வடிவமும் முகட்டு அகலமும்

1. சிக்கல்

நானோ தூள்கள் பற்றிய கட்டுரைகளில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் வரைபடத்தின் மிக உயர்ந்த முகட்டை எடுத்து, அதன் அரை உயர அகலத்தை ஷெரர் சமன்பாட்டில் இட்டு, படிக அளவு இத்தனை நானோமீட்டர் என்று ஒரே எண்ணை எழுதிவிடுகிறார்கள். படிகம் உருண்டையாகவும் உட்குறை அற்றதாகவும் இருந்தால் இதில் பெரும்பிழை நேராது. அறுகோணப் படிகமான துத்தநாக ஆக்சைடு பெரும்பாலும் கோலாகவோ தட்டாகவோ வளர்கிறது. அதற்கு ஒற்றை எண் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. அகலம் அளப்பது எதை?

பவுல் ஷெரர் 1918இல் தந்த சமன்பாடு எளியது. அலைநீளத்தை ஒரு மாறிலியால் பெருக்கி, ரேடியனில் கண்ட முகட்டு அகலத்தாலும் பிராக் கோணத்தின் கோசைனாலும் வகுக்க வேண்டும். கிடைக்கும் நீளத்தைத் துகளின் விட்டம் என்று கொள்வது தவறு. எந்தத் தளங்கள் அந்த முகட்டைத் தருகின்றனவோ, அவற்றுக்குச் செங்குத்தாகப் படிகத்தை மெல்லிய தூண்களாகப் பிளப்பதாகக் கொள்வோம். அத்தூண்களின் உயரத்தைப் பருமனுக்கேற்ப எடையிட்டுச் சராசரி கண்டால் வருவதே அந்த நீளம். முகட்டின் பரப்பை உயரத்தால் வகுத்த தொகை அகலத்தைக் கொண்டு கணக்கிட்டால், உருண்டைக்கு இது விட்டத்தில் நான்கில் மூன்று பங்கு. உருளைக்கு அச்சுத் திசையில் முழு நீளமும், குறுக்கே விட்டத்தில் சுமார் 0.85 பங்கும் கிடைக்கும்.

3. கோலும் தட்டும்

செப்புக் கதிரில் (அலைநீளம் 0.15406 நானோமீட்டர்) துத்தநாக ஆக்சைடின் (100) முகடு 31.8 பாகையிலும் (002) முகடு 34.4 பாகையிலும் வரும். கருவியின் பங்கைக் கழித்தபின் முன்னதன் அகலம் 0.60 பாகை, பின்னதன் அகலம் 0.25 பாகை என்று வைத்துக்கொள்வோம். மாறிலி 0.9 எனில் (100) தருவது 14 நானோமீட்டர். (002) தருவது 33. அச்சுவாக்கில் நீண்ட கோல் என்பது உடனே புலப்படுகிறது. அகலங்கள் இடம் மாறினால் அது தட்டு. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பவர், தூள் தானே தந்த வடிவச் செய்தியை அழித்துவிடுகிறார்.

4. அடுக்குப் பிழை

இங்கேதான் வழக்கமான முறை மிக மோசமாகத் தவறுகிறது. அறுகோண அடுக்குகள் வரிசை பிறழ்ந்து அமைந்தால் எல்லா முகடுகளும் ஒன்றுபோல் அகலா. முதல் இரு சுட்டெண்களின் வேறுபாடு மூன்றால் வகுபடாமலும் கடைசிச் சுட்டெண் சுழியாகாமலும் உள்ள முகடுகளே அகலும். (100), (002), (110) தப்பிவிடும். (101), (102), (103) அகப்படும். துத்தநாக ஆக்சைடில் மிக உயர்ந்த முகடு (101)தான்! எல்லோரும் நம்பி எடுக்கும் முகடே பிழையின் சுமையையும் தாங்கி நிற்கிறது. லாங்ஃபோர்டு, லூயர் முதலியோர் 1993இல் ஆக்சலேட்டிலிருந்து பெற்ற துத்தநாக ஆக்சைடில் அளவின் விளைவையும் அடுக்குப் பிழையின் விளைவையும் பிரித்தே காட்டினர். அந்த ஆய்வு இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டும்.

5. கருவியும் திரிபும்

கருவியின் பங்கை லாந்தனம் ஹெக்சாபோரைடு போன்ற தரப்பொருளால் கண்டு நீக்கலாம். நுண்திரிபு அவ்வளவு எளிதில் பிடிபடாது. அளவால் வரும் அகலம் கோசைனுக்குத் தலைகீழாகவும், திரிபால் வருவது டேன்ஜென்ட்டுக்கு நேராகவும் மாறும் என்பதைக் கொண்டு வில்லியம்சனும் ஹாலும் 1953இல் வரைபட முறை வகுத்தனர். ஆனால் கோல்வடிவத் தூளின் எல்லா முகடுகளையும் ஒரே கோட்டில் பொருத்தினால், வடிவத்தால் வந்த சிதறலைத் திரிபென்று பிழைபடக் கொள்ள நேரும். ஒரே திசையின் இரு படிகளான (002), (004) ஆகியவற்றையே ஒப்பிட வேண்டும். 72.6 பாகையில் வரும் (004) மிக வலுக்குறைந்த முகடு. அதற்கென அளவீட்டு நேரத்தைத் தனியே நீட்டித்தே ஆகவேண்டும்.