சருகுமான் குன்று கற்பித்த பாடம்

பெலண்டோக் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சருகுமான் என்பது பொருள். நெகிரி செம்பிலான் மாநிலத்துப் போர்ட்டிக்சன் மாவட்டத்தில், தோட்டங்கள் சூழ அமைந்த புக்கிட் பெலண்டோக்கின் பெயரை 1999-ஆம் ஆண்டில் உலக மருத்துவ வரலாறு தன் ஏட்டில் குறித்துக்கொண்டது. அப்பெருமை, பல உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றதாகும்.

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய மூளைக்காய்ச்சல், பின்னர் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலே இஃது என முதலில் கருதினர். கொசுமருந்துப் புகை அடித்தனர்; தடுப்பூசியும் போட்டனர். சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ பன்றிகளோடு பழகிய வளர்ந்தோரே வீழ்ந்தனர். தடுப்பூசி போட்டுக்கொண்டோரும் தப்பவில்லை.

நோயாளரின் உடலும் தனிக்குறிகளைக் காட்டிற்று. அவற்றை உணர, மூளைத்தண்டின் இயல்பை அறிதல் வேண்டும். பெருமூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் இச்சிறு உறுப்பு நடுமூளை, பாலம், முகுளம் என முப்பகுதியாக அமைந்தது. உடலின் தொடுவுணர்ச்சியும் வலியும் இதன் வழியே மேலேறுகின்றன. கைகால்களை இயக்கும் கட்டளைகள் இதன் வழியே கீழிறங்குகின்றன. அக்கட்டளை நரம்பிழைகளுள் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறுவதாலேயே இடப்பக்க மூளை வலக்கையை ஆள்கிறது. கண்ணசைவு, விழுங்குதல், மூச்சு, நெஞ்சுத்துடிப்பு, விழிப்பு ஆகியவற்றைக் காப்பதும் இவ்வுறுப்பே.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராய்ந்த 94 நோயாளருள் 52 பேர் நினைவு மங்கி, மூளைத்தண்டு பழுதுற்ற குறிகளோடு கிடந்தனர். தசைகள் தாமே துடித்தன, பின் தளர்ந்தன. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறின. மயங்கியவரின் தலையைத் திருப்பினால் விழிகள் எதிர்ப்புறம் நகர்வது இயல்பு. அவ்வியல்பு கெட்டவர் பிழைப்பது அரிதாயிற்று.

1999 மார்ச்சில் அப்பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு வைரசைக் கண்டறிந்தார். புக்கிட் பெலண்டோக்கிலுள்ள சுங்கை நீப்பா சிற்றூரின் பெயரால் அது நீப்பா வைரசு எனப்பட்டது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் அது தொற்றியது. 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் ஓய்ந்தது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர்.

தவறான பெயரைப் பற்றிநின்ற ஆறு திங்களும் மீளா இழப்பாயின. கண்டதைக் கண்டவாறு குறித்து, பழைய முடிவை ஐயுற்றோரே நோயை அறிந்தனர். ஆசிரியப் பெருமக்களே, முகுளத்தின் படத்தைக் கரும்பலகையில் வரையும்போது இவ்வூரின் கதையையும் மாணவர்க்குச் சொல்வோமாக. அறிவியலுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு அப்போது அவர்தம் நெஞ்சில் நிலைக்கும்.