ஆத்தி இலையும் ஆனைப்புளியும்: ராணி பாகில் ஒரு சரத்காலக் காலை

விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்னர், விடியற்காலையில், குர்லா ரயில் நிலைய வாயிலில் இலை விற்கும் பெண்கள் அமர்ந்திருந்தனர். இரு மடலாய்ப் பிளந்த சிறிய இலைகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டிச் சாக்கின்மேல் பரப்பியிருந்தார்கள். மராத்தியர் இதனை ஆப்டா என்பர். தசரா நாளில் இவ்விலையை ஒருவர் கையில் ஒருவர் வைத்து, ‘பொன் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று வாழ்த்துவது இந்நிலத்து வழக்கம். உடன் வந்த நண்பர் ஒரு கொத்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அவர் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட தாவரவியல் ஆய்வாளர்; நான் குர்லாவில் பிறந்த தமிழன், வரலாற்று மாணவன். காலனியக் காலத் தோட்டங்களைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டியிருந்ததால் நான் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். “கோப்பில் இருப்பது துரைமார்களின் கணக்கு. மரங்களையும் ஒருமுறை கேளுங்கள்” என்று சொல்லி அவர்தாம் என்னைப் பைகுலாவிலுள்ள ராணி பாகிற்கு அழைத்துச் சென்றார்.

மெது ரயிலில் குர்லாவிலிருந்து பைகுலா வரையுள்ள வழியே ஒரு தாவரப் பட்டியல் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பரேல் என்னும் பெயர் பாதிரி இனத்து மரமொன்றின் பெயரிலிருந்து வந்தது எனக் கருதுவோர் உண்டு. சிஞ்ச்போக்லியின் முதற்பகுதியான ‘சிஞ்ச்’ புளியைக் குறிக்கும். பைகுலா என்பதைக் கொன்றை மரத்தின் உள்ளூர்ப் பெயரோடு இணைத்து விளக்குவர் சிலர். சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆயினும், ஆலைகளும் அடுக்குமாடிகளும் வருமுன்னர் இந்நகரத்தார் தம் இடங்களை மரங்களால் அடையாளம் கண்டனர் என்பதற்கு இப்பெயர்கள் சான்றாகும்.

தோட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1830ஆம் ஆண்டளவில் தோன்றிய மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம், சிவ்ரியில் ஒரு தாவரத் தோட்டத்தைப் பேணிவந்தது. 1860களில் அந்நிலம் ஐரோப்பியரின் கல்லறைத் தோட்டமாயிற்று. அதற்கு முன்னரே பைகுலாவில் புதிய தோட்டம் உருவாகி, 1862 நவம்பர் 19 அன்று ஆளுநர் பார்ட்டில் ஃபிரேரின் மனைவியால் திறந்துவைக்கப்பட்டது. பேரரசியின் பெயரால் அது விக்டோரியா தோட்டம் எனப்பட்டது. 1873இல் அது மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. 1890இல் விலங்குக்காட்சிச் சாலையும் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் சிவாஜியின் தாயாரான வீரமாதா ஜீஜாபாய் போஸ்லேயின் பெயர் இடப்பட்டது. மக்களோ அன்றும் இன்றும் ‘ராணி பாக்’ என்றே சொல்கின்றனர். ராணி மாறினாலும் பெயர் மாறவில்லை.

இத்தகைய தோட்டங்கள் பொழுதுபோக்குக்காக மட்டும் அமைக்கப்பட்டவையல்ல. 1787இல் தொடங்கப்பட்ட கல்கத்தா தோட்டம் முதலாக, பேரரசின் பயிர்ப் பரிமாற்றத்தில் இவற்றுக்குப் பங்கிருந்தது. எந்தச் செடி எந்த மண்ணில் வேர்கொள்ளும், அதனால் யாருக்கு ஆதாயம் என்பதே அடிப்படைக் கேள்வி. குர்லாக்காரருக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1886இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா குர்லாவில் நலிந்துகிடந்த தரம்சி ஆலையை வாங்கிச் ‘சுதேசி ஆலை’ ஆக்கினார். நுண்ணிய நூல் நூற்க நீண்ட இழைப் பருத்தி தேவைப்பட்டது. ஆகவே எகிப்தியப் பருத்தியை இந்தியாவில் விளைவிக்கும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். சுதேசி என்னும் சொல்லுக்கு உள்ளேயே ஒரு நைல் நதிச் செடி இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

தோட்டத்தினுள் நண்பர் முதலில் நிறுத்தியது, யானைக்கால் போன்ற அடிமரம் கொண்ட பெருக்கமரத்தின் முன். பதினெட்டாம் நூற்றாண்டில் செனகலில் அதனை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மிஷேல் அடன்சனின் பெயரால் லின்னேயஸ் அதற்கு அடன்சோனியா எனப் பெயரிட்டார். மக்கள் இட்ட பெயர்கள் வேறு. மராத்தியில் ‘கோரக் சிஞ்ச்’, அதாவது கோரக்கரின் புளி. தமிழில் ஆனைப்புளி, பொந்தன்புளி. இரு மொழியினரும் இம்மரத்தின் பழச்சுவையைப் புளியைக் கொண்டே புரிந்துகொண்டனர். அந்தப் புளியமரமும் வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதே தாவரவியலார் பலரின் கருத்து. அரபியரோ அதனை ‘இந்தியப் பேரீச்சை’ என்றனர். ஆப்பிரிக்க மரமொன்றை இன்னோர் ஆப்பிரிக்க மரத்தின் பெயரால் உறவு சொல்லி அழைத்தபோது, இரண்டுமே இந்நாட்டவை என்ற எண்ணம் மக்களுக்கு உறுதிப்பட்டுவிட்டது. இந்தியப் பெருக்கமரங்கள் ஆப்பிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பலமுறை கொண்டுவரப்பட்டவை என 2015இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டுகிறது. கடல்வழி வந்த வணிகரும் வீரரும் அடிமைகளும் எழுதிவைக்காத வரலாற்றை இம்மரங்கள் சுமந்து நிற்கின்றன.

அடுத்து நாகலிங்க மரம். தென் அமெரிக்கக் காடுகளுக்குரிய இதனை, 1775இல் பிரெஞ்சுக் கயானாவிலிருந்து ஓபிளே என்பவர் விவரித்தார். மலரின் நடுவே கவிந்திருக்கும் மகரந்தத்தாள் தொகுதி நம்மவர் கண்ணுக்கு லிங்கத்தின்மேல் படமெடுத்த நாகமாயிற்று. மராத்தியர் இதனைக் ‘கைலாசபதி’ என்பர். தமிழகச் சிவன் கோயில்களில் இம்மரம் நிற்கக் காணும் எவரும் அதன் கயானாப் பிறப்பை ஐயுறுவதில்லை. சற்றுத் தள்ளி, செம்மஞ்சள் மொட்டுக் கொத்துகள் தொங்கும் கொல்வில் மரம். மடகாஸ்கரில் பிறந்து, மொரீஷியஸ் ஆளுநர் சார்லஸ் கொல்வில் பெயரைச் சுமப்பது. அதற்கு நம் மொழிகளில் பெயர் உண்டா என்று கேட்டேன். நண்பர் தலையசைத்து மறுத்தார். அழகில் குறைந்ததன்று, ஆயினும் மக்கள் வாழ்வுக்குள் அது இன்னும் வரவில்லை. ஆளுநரின் பெயர் மட்டுமே அதற்குத் துணை.

அப்போது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். 1960களின் பிற்பகுதியில் இந்நகரில் ‘மண்ணின் மைந்தர்’ என்னும் முழக்கம் எழுந்தது. வேட்டி கட்டிய தென்னிந்தியரை எள்ளும் முழக்கங்களும் தெருவில் கேட்டன. ஊரில் வேட்டியன்றி வேறு உடுத்தறியாத தந்தையார், அக்காலத்தில் ரயிலேறும்போது கால்சட்டை அணியத் தொடங்கினார். வீட்டுக்கு வந்ததும் வேட்டிக்கு மாறுவார். ஏனென்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இதனை நண்பரிடம் சொல்லிவிட்டு, “இந்த மரங்களைப் பார்த்தபின் மண்ணின் மைந்தர் யார் என்று எவரும் கேட்க முடியாது” என்றேன்.

அவர் உடன்படவில்லை. “அவசரப்படாதீர்கள். சீமைக்கருவேலமும் வந்த மரந்தான், உண்ணிச்செடியும் வந்த செடிதான். அவை செய்த கேட்டை நாங்கள் நாள்தோறும் அளந்துகொண்டிருக்கிறோம். அயல் தாவரம் என்ற பாகுபாடு எங்கள் துறைக்கு இன்றியமையாதது. மரத்தைக் காட்டி மனிதரை வாழ்த்தினால், நாளை வேறொருவர் மரத்தைக் காட்டி மனிதரை வெட்டுவார்” என்றார்.

அவர் சொன்னது சரியே. உவமை இருபுறமும் வெட்டும் கத்தி. வரலாற்று மாணவனுக்குரிய சான்று மரத்தின் பிறப்பிடத்தில் இல்லை. மக்கள் அதற்கு இட்ட பெயரில் இருக்கிறது. வேர்கொள்வது தாவரத்தின் செயல். உறவு சொல்வது மனிதரின் செயல். அந்தச் செயலைச் செய்தவர்கள் ஆளுநர்களோ சங்கச் செயலாளர்களோ அல்லர். நீரூற்றியவர்களும் நிழலில் அமர்ந்தவர்களும் பூவெடுத்துச் சாமிக்கு வைத்தவர்களும். கோப்புகளில் அவர்கள் பெயர் இல்லை.

இதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2007ஆம் ஆண்டளவில் விலங்குக்காட்சிச் சாலையைப் பன்னாட்டுத் தரத்தில் புதுப்பிக்கும் பெருந்திட்டம் வந்தபோது, தாவரத் தோட்டம் சிதையும் என அஞ்சிய குடிமக்கள் ஒன்றுதிரண்டனர். மரங்களைக் கணக்கெடுத்து, ஆவணப்படுத்தி, ஆண்டுக்கணக்கில் போராடினர். முதலில் தீட்டிய வடிவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. அவர்கள் காக்க முனைந்த மரங்களில் உள்நாட்டவையும் இருந்தன. மடகாஸ்கரிலிருந்தும் கயானாவிலிருந்தும் வந்தவையும் இருந்தன.

வெயில் ஏறத் தொடங்கியது. பெருக்கமரத்தருகே இருந்த கல்லிருக்கையில் அமர்ந்தோம். நண்பர் பையிலிருந்து ஆப்டா இலையை எடுத்து, “நாள் இன்னும் வரவில்லை. இருந்தாலும் பொன் பெற்றுக்கொள்ளுங்கள்” என்று என் உள்ளங்கையில் வைத்தார். சந்தையில் ஆப்டாவுக்கு மாற்றாகப் பெரிய மந்தாரை இலைகளையும் விற்றுவிடுவதுண்டு எனவும், இது சிறிய இலை, உண்மையானது எனவும் சொன்னார். தாவரவியற்பெயர் கேட்டேன். பாகினியா ரசிமோசா.

சில நொடிகள் நான் பேசவில்லை. பாகினியா ரசிமோசா என்பதற்குத் தமிழ் அகராதி தரும் பெயர் ஆத்தி. சங்க இலக்கியம் ‘ஆர்’ என்பதும் இதுவே. சேரர்க்குப் பனை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆத்தி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். சோழர் சூடிய கண்ணி, குர்லா ரயில் நிலையத்தில் ஆண்டுதோறும் பொன்னாக விற்கப்பட்டுவந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளாக நான் அதனைத் தாண்டிச் சென்றிருக்கிறேன். இது எங்கிருந்தும் வந்த மரமன்று. இரு நிலங்களுக்கும் தொன்றுதொட்டே உரியது. ஒரே மரத்தின் இரு பெயர்களை இரு வீடுகளில் தனித்தனியே வைத்திருந்தோம்.

நண்பருக்கு இதனைச் சொன்னேன். குறிப்பேட்டில் ‘ஆத்தி’ என்று தேவநாகரியில் எழுதிக்கொண்டு, மூன்று முறை உச்சரித்துப் பார்த்தார்.

அந்த இலையை இப்போது தந்தையாரின் படத்தருகே வைத்திருக்கிறேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குர்லா, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழும் நம் முதியோர், இந்நகரத்து மரங்களையும் கீரைகளையும் எந்தப் பெயர்களால் அழைத்தனர் என்று கேட்டு எழுதி வையுங்கள். தமிழா, மராத்தியா, இரண்டும் கலந்ததா என்று பிரிக்க வேண்டா. அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். எந்த ஆவணக் காப்பகத்திலும் அப்பட்டியல் கிடைக்காது.