எக்ஸ்பைரி தேதி வந்த கதை

மரக்காணம் உப்பளக்காரர்களுக்கு ஈரக்காற்றைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கிவிடும். மருந்துகளையும் 40 டிகிரி வெப்பத்தில், இதே 75 சதவீத ஈரப்பதத்தில், ஆறு மாதம் வைத்துச் சோதிக்கிறார்கள். அட்டையில் அச்சாகும் 'எக்ஸ்பைரி' தேதிக்கு இத்தகைய சோதனைகளே ஆதாரம்.

அந்தத் தேதி சும்மா வந்துவிடவில்லை, நண்பர்களே! வெள்ளைக்காரன் காலத்தில் போலி மருந்தும் கலப்பட மருந்தும் சந்தையில் மலிந்து கிடந்தன. 1930இல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. மறு வருடமே அறிக்கையும் வந்தது. ஆனால் சட்டம் வர 1940 ஆயிற்று. விதிகள் வர 1945. அந்த விதிகளின் 'பி' அட்டவணை பல மருந்துகளுக்கு ஆயுள் குறிக்கிறது. மற்றவற்றுக்குப் பொதுவாக, தயாரித்த நாளிலிருந்து 60 மாதத்துக்கு மேல் தேதி போடக்கூடாது என்கிறது விதி 96. தேதி முடிந்ததை விற்கக்கூடாது என்பது விதி 65.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் உருவானது. அத்தியாவசிய மருந்துகளை மொத்தமாக வாங்கி, பரிசோதித்து, மரக்காணம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள் வரை சேர்க்க வழி பிறந்தது.

சட்டம் இருந்தால் போதுமா? குப்பைக்குப் போன காலாவதி மருந்தை எடுத்துத் தேதியை மாற்றி விற்ற கும்பல் 2010 மார்ச்சில் சென்னையில் பிடிபட்டபோது தமிழகமே பதறியது. நோயாளி நம்பியது அந்தச் சின்ன எழுத்தைத்தானே? 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி மருந்துகளுக்கு கியூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அதிலேயே இருக்க வேண்டும்.

ஆனால், சொன்னபடி பத்திரப்படுத்தினால்தான் அந்தத் தேதி செல்லும். ஈரம் பட்ட ஆஸ்பிரின், தேதி முடியும் முன்பே வினிகர் வாடை அடிக்கும். கடற்கரை ஊர்களில் மாத்திரையை அடுப்பங்கரையில் வைப்பது ஆகாது. கடையில் நாலு மாத்திரை வெட்டித் தரும்போது தேதி உள்ள பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது.

மாணவச் செல்வங்களே, அடுத்த முறை "தேதி எங்கேங்க?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டமே நிற்கிறது.