தருமபுரிக் கம்பளியும் ஆலைக் கம்பளியும்: நெசவும் செம்மையாக்கமும் கடந்து வந்த பாதை

தருமபுரி மாவட்டத்தின் கம்பளித் துணி வரலாறு ஆட்டிலிருந்து தொடங்குகிறது. மழை குறைந்த மேட்டுநிலம், புதர்க்காடு, மலையடிவாரப் புறம்போக்கு ஆகியவை இங்கே செம்மறி ஆட்டுக்கு ஏற்ற மேய்ச்சலாக இருந்தன. தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை உடலில் குட்டை மயிர் மட்டுமே கொண்டவை. கத்தரித்து நூற்கத்தக்க கம்பளி தருபவை நீலகிரி ஆடு, கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கருங்குறும்பை ஆகிய மூன்றே. இவற்றுள் திருச்சிக் கருங்குறும்பை, பெயரில் திருச்சி இருந்தாலும், பெரம்பலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வழியாகத் தருமபுரி வரை பரவியிருந்த இனம். கறுப்பு நிறம், திறந்த, முரடான மயிர்க்கற்றை. அந்த மயிரின் முரட்டுத்தன்மையே இந்த வட்டாரத்தில் எத்தகைய துணி நெய்ய முடியும், எத்தகைய துணி நெய்ய முடியாது என்பதைத் தீர்மானித்தது.

விலங்கு மயிரால் நெய்த துணி தமிழகத்துக்குப் பழையது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் அறுவை வீதியைச் சொல்லும் இடத்தில் பருத்தி, பட்டு ஆகியவற்றோடு மயிர்த் துணியையும் சேர்த்தே சொல்கிறது. தருமபுரியின் பழம்பெயரான தகடூர் நாட்டில் கால்நடையே செல்வமாக இருந்ததற்கு, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் இன்றும் சான்றாக நிற்கின்றன. ஆனால் கம்பளி நெசவை ஒரு தொழிலாகக் காட்டும் ஆவணங்கள் பிற்காலத்தவை. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து, தருமபுரி அடங்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலம், விளைபொருள், குடிகள், வரி என ஒவ்வொன்றையும் எழுதி வைத்தனர். மன்றோ தருமபுரியிலேயே தங்கிப் பணியாற்றினார். அடுத்து 1800–1801-இல் மைசூர்ப் பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், ஆடு மேய்க்கும் குறும்பரே கம்பளி நெய்வோராகவும் இருந்ததைப் பதிவு செய்தார். 1898-இல் எட்கர் தர்ஸ்டன் சென்னை மாகாணத்தின் கம்பளித் துணித் தொழிலைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார். ஆலைத் துணி சந்தையை முழுவதும் பிடிப்பதற்கு முந்தைய நிலையில் கைக்கம்பளியைப் பதிவு செய்தது என்பதால் அந்த நூலுக்குத் தனி மதிப்பு உண்டு.

குறும்பர் வீட்டில் மேய்ப்பும் நெசவும் ஒரே குடும்பத்தின் வேலைகள். கூலிக்கு வேறு ஆளை வைக்காமல் முழுத் துணியையும் அந்தக் குடும்பமே முடித்துவிடும். ஆண்டுக்கு இருமுறை மயிர் கத்தரிப்பார்கள். அதற்கு முன் ஆடுகளை ஏரியிலோ ஆற்றிலோ இறக்கிக் கழுவுவது வழக்கம். ஆட்டின் மேலேயே மயிரைக் கழுவிவிடும் இந்த முறையில் மண்ணும் வியர்வை உப்பும் போய்விடும். கம்பளிக் கொழுப்பில் ஒரு பகுதி மயிரிலேயே தங்கும். பிற்காலத்து ஆலை இந்தக் கொழுப்பைப் பெரும்பாலும் நீக்கியது. மேய்ப்பரோ அதைத் தங்கவிட்டதால்தான் மழை நீர் கம்பளிக்குள் எளிதில் இறங்காமல் நின்றது.

கத்தரித்த மயிரைக் கறுப்பு, பழுப்பு, வெள்ளை என நிறவாரியாகப் பிரிப்பார்கள். குட்டியின் முதல் மயிர் மென்மையானது. அதைத் தனியே வைப்பார்கள். பிறகு வில்லால் அடித்துப் பஞ்சாக்குவார்கள். வில்லின் நாண் அதிரும்போது கட்டிகள் உடைந்து, முள்ளும் புழுதியும் உதிரும். நூற்பது பெண்களின் வேலை. ராட்டையில் நூற்ற நூல் ஒற்றைப் புரி; தடிப்பும் மெலிவுமாக இருக்கும். முரட்டு மயிர் ஒன்றையொன்று சரியாகப் பற்றாது. ஆகவே அந்த நூலைப் பாவாகக் கட்டினால் தறியில் தேய்ந்து அறுந்துவிடும்.

இந்தச் சிக்கலுக்குக் குறும்பர் கண்ட தீர்வு புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் கெட்டியான பசை கிடைக்கும். திறந்த வெளியில் பாவை நீள ஓடவிட்டு, பசையைத் தூரிகையால் ஒரே திசையில் நீவுவார்கள். வெளியே நீட்டி நிற்கும் மயிர் நுனிகள் நூலோடு படிந்து ஒட்டும். நூல் விறைத்து வலுப்பெறும். பருத்தி நெசவாளர் கஞ்சி தோய்க்கும் அதே நோக்கம்தான். ஆனால் முரட்டு விலங்கு மயிரைக் கட்டிப் பிடிக்க அரிசிக் கஞ்சியின் பிடிப்புப் போதாது. உள்ளூரில் மலிவாகக் கிடைத்த ஒரு கொட்டையைக் கொண்டு இழையின் குறையை நிரப்பிய இந்த உத்தி, தென்னிந்தியக் கம்பளி நெசவின் மிகச் சிறந்த தொழில்நுட்பச் சாதனை என்று சொல்லத்தக்கது. கர்நாடகத்தின் சள்ளகெரே வட்டாரத்துக் கம்பளியிலும் இதே பசைதான்.

நெசவு குழித்தறியில் நடந்தது. சாயம் இல்லை, ஆட்டின் இயற்கை நிறமே துணியின் நிறம். ஓரங்களில் வெள்ளை அல்லது பழுப்புக் கோடு ஓடும். நெய்து முடித்த துணியை நனைத்து மிதித்துக் காயப்போட்டால் இழைகள் ஓரளவு நெருங்கும். செம்மையாக்கம் அவ்வளவே. உழவரும் மேய்ப்பரும் இதை மடித்துத் தலையில் கொங்காடையாகப் போட்டு மழையில் நின்றார்கள். இரவில் கிடை காக்கும்போது விரித்துப் படுத்தார்கள். தானியம் உலர்த்தவும் பயன்படுத்தினார்கள். உடம்பில் உரசும் முரட்டுத்தனம் குறையாகக் கருதப்படவில்லை. பல ஆண்டு தாங்குவதே அந்தத் துணிக்கு வேண்டிய தரமாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் வேறொரு தரம் நாட்டுக்குள் நுழைந்தது. கான்பூர்க் கம்பளி ஆலை 1876-இலும், பஞ்சாபின் தாரிவால் ஆலை 1880-இலும் தோன்றின. 1880-களில் பெங்களூரில் நிறுவப்பட்ட கம்பளி, பருத்தி, பட்டு ஆலை விரைவிலேயே பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு வந்தது. இராணுவத்துக்கு வேண்டிய போர்வைகளும் சீருடைத் துணியும் இந்த ஆலைகளுக்குப் பெரிய ஆதாரம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய இருப்புப்பாதை வந்தது, 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது, 1941-இல் மூடப்பட்டது. பாதை இருந்த அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் வெளிச்சந்தைச் சரக்கு மாவட்டத்துக்குள் எளிதாக வந்து இறங்கியது.

ஆலையில் துணியாகும் கம்பளி கடக்கும் படிகளைக் குறும்பர் முறையோடு ஒப்பிட்டால், தொடக்கப் படிகள் ஒன்றாகவே இருப்பது தெரியும். தரம் பிரித்தல் முதல் வேலை. ஒரே ஆட்டில் தோள், விலா மயிர் நயமானது. தொடை மயிர் முரடானது. அடுத்து, ஐம்பது அறுபது டிகிரி செல்சியஸ் வெந்நீரும் சோப்பும் நிறைந்த தொட்டிகளில் வரிசையாக அலசுவார்கள். பிரியும் கொழுப்பே லனோலின். மருந்துக்கும் களிம்புக்கும் விற்கப்படுகிறது. முள்ளும் புல் விதையும் அதிகம் ஒட்டிய கம்பளியை நீர்த்த கந்தக அமிலத்தில் நனைத்துச் சூடாக்குவார்கள். செடிப்பொருள் கரியாகி நொறுங்கும்; அமிலத்தைத் தாங்கும் கம்பளி மிஞ்சும்; பிறகு சோடாக் கரைசலால் அமிலத்தை முறிப்பார்கள். வில் அடித்துச் செய்த வேலையின் பெரும்பகுதியை ஆலையில் கார்டிங் எந்திரத்தின் ஊசிப்பற்கள் செய்கின்றன.

இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். கார்டிங்கிலிருந்து நேரே நூற்றால் புசுபுசுப்பான வூலன் நூல் கிடைக்கும். போர்வைக்கும் கோட்டுத் துணிக்கும் அது போகும். சீப்பு எந்திரத்தில் ஓட்டிக் குட்டை இழைகளை நீக்கி, நீண்ட இழைகளை மட்டும் இணையாக அடுக்கி நூற்றால் வொர்ஸ்டட் நூல் கிடைக்கும். உயர்தர சூட்டிங் துணி இந்த நூலில் நெய்யப்படுவது. இழையின் பருமனே அதன் விலையை நிர்ணயிக்கிறது. சூப்பர் 100 என்று முத்திரையிடும் துணியில் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் போகக்கூடாது. தக்காணத்து முரட்டு மயிர் இதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தடித்தது. நடுவே பொள்ளலான மயிரும் அதில் கலந்திருக்கும்.

தறியிலிருந்து இறங்கிய வொர்ஸ்டட் துணி விறைப்பாகவும் பொலிவற்றும் இருக்கும். அதைத் தேர்ந்த துணியாக்குவது பினிஷிங் பிரிவு. முதலில் துணியை வெளிச்சத்தில் விரித்து முடிச்சுகளைப் பிடுங்கி, விட்டுப்போன இழைகளை ஊசியால் கோத்துச் சேர்ப்பார்கள். எந்திரங்கள் நிறைந்த ஆலையிலும் இது கண்ணையும் விரலையும் நம்பிய கைவேலை. மேற்பரப்பில் நீட்டி நிற்கும் நுனிகளைச் சுடரில் பொசுக்குவார்கள். பின் துணியை இழுத்துப் பிடித்துக் கொதிநீரில் செலுத்தி உருளையில் சுற்றிக் குளிர விடுவார்கள். இந்தப் படி தவறினால் பின்னர் அலசும்போது துணி ஒழுங்கற்றுச் சுருங்கும்.

வூலன் துணிக்கு உயிரான படி மில்லிங். கம்பளி இழையின் மேற்பரப்பில் செதில்கள் ஒரே திசையில் படிந்திருக்கின்றன. ஈரம், சூடு, சோப்பு, அழுத்தம் ஆகியவை சேரும்போது இழைகள் ஒரு திசையில் மட்டும் நகர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், திரும்பிப் பிரியாது. துணி சுருங்கித் தடிக்கும். நெசவின் கட்டங்கள் மறையும். குறும்பர் காலால் மிதித்தபோதும் வேலை செய்தது இதே அறிவியல்தான். ஆனால் முரட்டு மயிரில் செதில்கள் தட்டையாகப் படிந்திருப்பதால் எவ்வளவு மிதித்தாலும் மெரினோவைப் போல் இறுகாது. மில்லிங் முடிந்த துணியில் ஒரு காலத்தில் டீசல் (teasel) செடியின் முட்கனியாலும், பின்னர் எஃகு ஊசி உருளைகளாலும் மென்மயிரை எழுப்பி, சுழல் கத்தியால் ஒரே உயரத்தில் வெட்டினர். கடைசியில் துணியைத் துளையிட்ட உருளையில் சுற்றி நீராவி பாய்ச்சுவது டிகடைசிங். மடிப்பு நிற்கும் நிலைப்பும், அடக்கமான பளபளப்பும், கையில் வழுவழுப்பும் இந்தப் படியில் கிடைக்கின்றன.

கைநெசவுக் கம்பளி ஆலைத் துணியோடு போட்டியிட முடியாமல் போனதற்கு நெசவாளரின் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது தவறு. ஒற்றைப் புரி முரட்டு நூலைப் பாவாக்கி நெய்தவர்களின் கைத்திறன் எந்த ஆலைத் தொழிலாளிக்கும் குறைந்ததாக இல்லை. தடையாக இருந்தது இழை. மேலே சொன்ன செம்மையாக்கப் படிகள் மெரினோ போன்ற மென்மையான, சுருள் நிறைந்த மயிரிலேயே நன்கு பலிப்பவை. இந்திய ஆலைகள் உயர்தரத் துணிக்கு ஆஸ்திரேலியக் கம்பளியை இறக்குமதி செய்தன. உள்நாட்டு முரட்டுக் கம்பளி மலிவுப் போர்வைக்கும் கம்பளத்துக்கும் போனது. தருமபுரிக்கு வடகிழக்கே வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் பதனிடும் தொழிலில் சுண்ணாம்பிட்டுத் தோலிலிருந்து பிடுங்கிய கம்பளியும் அதே தாழ்தரச் சந்தையில் வந்து சேர்ந்து விலையைக் குறைத்தது.

ஆட்டையே மாற்றும் முயற்சி மலையில் மட்டும் பலித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர்க் குறும்பையோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து நீலகிரி ஆடு உருவானது; உதகை அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதைப் பேணி வருகிறது. கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோவை வளர்க்கிறது. அடர்ந்த மென்மயிரைச் சுமக்கும் அந்த ஆடுகளுக்குக் குளிர் வேண்டும். தருமபுரி வெயில் ஒவ்வாது.

சமவெளியில் பொருளாதாரம் எதிர்த்திசையில் சென்றது. இறைச்சி விலை ஏற ஏற, மயிருக்காக ஆடு வளர்ப்பது நட்டமானது. தென்னிந்திய முரட்டுக் கம்பளி ஆடு ஒன்று ஆண்டுக்குத் தரும் மயிர் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு. கத்தரிக்கும் கூலிக்கே அது ஈடாகாது. பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் மேச்சேரி ஆடு மயிர் கத்தரிக்கத் தேவையற்றது. அதன் தோலுக்கும் இறைச்சிக்கும் நல்ல விலை உண்டு. 1978-இல் பொட்டனேரியில் அந்த இனத்துக்கென ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. துணிச்சந்தையில் பானிப்பட்டின் மறுசுழற்சிப் போர்வையும் அக்ரிலிக், பாலியஸ்டர் போர்வையும் கைக்கம்பளியை விட மிக மலிவாக இறங்கின. மழைக்குப் பிளாஸ்டிக் தாள் வந்தபின் கொங்காடையின் தேவையும் போயிற்று. கருங்குறும்பை ஆடு இன்று இறைச்சிக்காகவே வளர்க்கப்படுகிறது. வெயில் தாங்க அதன் மயிரை இப்போதும் கத்தரித்தாக வேண்டியிருப்பதால், கம்பளத்துக்கும் ஒலித்தடுப்பு, வெப்பத்தடுப்பு விரிப்புகளுக்கும் உகந்த முரட்டு இழை ஆண்டுதோறும் விளைந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் திரட்டி வாங்குவோர்தான் குறைந்துவிட்டனர்.