அமெரிக்கா ஒரு விதிவிலக்கா? தேசப் பெருமிதமும் அதன் விலையும்

உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாணவன் எழுந்து, "அமெரிக்கக்காரங்க மட்டும் ஏன் சேர் எப்ப பார்த்தாலும் தங்கட நாடுதான் உலகத்திலயே பெரிசு எண்டு சொல்றாங்க?" என்று கேட்டான். பாடவேளை முடியும் நேரம். "காசும் படையும் இருக்குது, சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்தப் பதில் போதாது என்று பட்டது. காசும் படையும் உள்ள பேரரசுகள் வரலாற்றில் ஏராளம். எல்லாமே தம்மைப் புகழ்ந்துகொண்டன. அமெரிக்காவின் பெருமிதம் வெறும் வீறாப்பு அல்ல, அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு கொண்ட ஒரு கோட்பாடு இருக்கிறது. 1776 ஜூலை 4 ஆம் திகதிய சுதந்திரப் பிரகடனத்துக்கு 2026 உடன் 250 ஆண்டுகள் நிறைகின்றன. காஸா முதல் ஈராக் வரை நாம் கோபத்தோடு கேட்கும் பல கேள்விகளுக்கான விடையின் ஒரு பகுதி இந்தக் கோட்பாட்டில் இருப்பதால், அதைச் சற்று நிதானமாக அறிந்துகொள்வது நல்லது.

ஒரு சொல், மூன்று பொருள்

ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் இதைக் குறிக்கிறார்கள். தமிழில் எழுதப் போனால் மூன்று சொற்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, அமெரிக்கா ஏனைய நாடுகளிலிருந்து வேறுபட்டது. இரண்டாவது, அது ஏனைய நாடுகளை விடச் சிறந்தது. மூன்றாவது, ஏனைய நாடுகளைக் கட்டுப்படுத்தும் விதிகளிலிருந்து அது விலக்குப் பெற்றது. முதலாவது ஆய்வுக்குரிய கூற்று. இரண்டாவது பெருமிதம். மூன்றாவது அதிகாரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவருக்கும் தெரியாமல் நழுவிச் செல்ல முடிவதுதான் இக்கோட்பாட்டின் பலமும் ஆபத்தும்.

எங்கிருந்து வந்தது?

1630 இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிய பியூரிட்டன் குடியேறிகளின் தலைவர் ஜோன் வின்த்ரொப், தம் சமூகம் மலைமேல் அமைந்த நகரம் போன்றது என்றார். பைபிளின் மத்தேயு சுவிசேஷத்தில் வரும் உவமை அது. இன்று அதை ஒரு பெருமைப் பேச்சாக நினைவுகூர்கிறார்கள். உண்மையில் அது ஓர் எச்சரிக்கை. உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இறைவனுக்குக் கொடுத்த வாக்கில் தவறினால் ஊர் சிரிக்கும் கதையாகிவிடுவோம் என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்த உரை 1838 வரை அச்சேறவே இல்லை. 1961 இல் கென்னடி அதை எடுத்துப் பேசினார். ரொனால்ட் றீகன் 'ஒளிரும்' என்ற அடைமொழியையும் சேர்த்து, 1989 இல் தனது பிரியாவிடை உரை வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். எச்சரிக்கை பாராட்டாக மாறியது இப்படித்தான்.

பிரான்ஸ் அறிஞர் அலெக்ஸி டி டொக்வில் 1831 இல் அமெரிக்கச் சிறைச்சாலைகளை ஆராய வந்தவர். 'அமெரிக்காவில் ஜனநாயகம்' என்ற அவரது நூல் 1835 இலும் 1840 இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. இரண்டாம் பகுதியில் அமெரிக்கர்களின் நிலை விதிவிலக்கானது என்று எழுதுகிறார். அதுவும் புகழ்ச்சியல்ல. ஐரோப்பாவின் அறிவுச் செல்வம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் கலை, இலக்கியம், உயர் அறிவியல் ஆகியவற்றைப் பொருட்படுத்தாமல் தொழிலிலும் வியாபாரத்திலும் மூழ்கிவிட அவர்களுக்கு முடிந்தது என்பதை விளக்கவே அச்சொல்லை அவர் பயன்படுத்தினார்.

இதைவிட வேடிக்கை, இக்கோட்பாட்டின் பெயரைப் பரப்பியதில் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் பங்குண்டு. அமெரிக்க முதலாளித்துவம் மிகவும் பலமானது, ஆகவே அங்கு புரட்சி உடனடியாகச் சாத்தியமில்லை என்று அமெரிக்கக் கம்யூனிஸ்ட் தலைவர் ஜே லவ்ஸ்டோன் வாதிட்டார். ஸ்டாலின் அவரை மொஸ்கோவுக்கு அழைத்துக் கண்டித்தார். 1929 இல் லவ்ஸ்டோன் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அமெரிக்காவுக்கு விதிவிலக்கு உண்டு என்று பேசுவது கட்சிக்குள் ஒரு குற்றச்சாட்டாகவே இருந்தது. பனிப்போர் காலத்துக்குப் பின்னர் அதே சொல்லை வலதுசாரிகள் தமது பதக்கமாக அணிந்துகொண்டார்கள்.

பிரகடனமும் அடிமையும்

மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று பிரகடனத்தில் எழுதிய தோமஸ் ஜெபர்சன், தன் வாழ்நாளில் 600 க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். ஜோர்ஜ் சேல் மொழிபெயர்த்த அல்குர்ஆன் பிரதி ஒன்றும் அவரிடம் இருந்தது. காங்கிரஸுக்குத் தெரிவான முதல் முஸ்லிமான கீத் எலிசன் 2007 இல் அந்தப் பிரதியை வைத்தே சத்தியப்பிரமாணம் செய்தார். அமெரிக்காவின் சமய சுதந்திரத்துக்கு உதாரணமாக இதை எடுத்துக்காட்டுவார்கள். தவறில்லை. ஆனால் இன்னொரு முஸ்லிமின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உமர் இப்னு ஸயீத், இன்றைய செனகல் நாட்டின் பூத்தா தோரோ பகுதியைச் சேர்ந்தவர். பல ஆண்டுகள் மார்க்கக் கல்வி கற்றவர். பிடிக்கப்பட்டு 1807 இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். தப்பியோடிப் பிடிபட்டபோது சிறைச் சுவரில் அரபியில் எழுதினார். கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த நிலையிலும், 1831 இல் அரபியில் எழுதிய தன் வாழ்க்கைக் குறிப்பை ஸூரத்துல் முல்க்கைக் கொண்டே ஆரம்பித்தார். 'முல்க்' என்றால் ஆட்சியுரிமை. தன்னை ஒருவன் சொத்தாக வைத்திருக்கும் நாட்டில், எல்லா ஆட்சியுரிமையும் அல்லாஹ்வுக்கே என்று கூறும் அத்தியாயத்தை எழுதி வைத்தார். விடுதலை கிடைக்காமலேயே இறந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது.

செவ்விந்தியர் என்று அழைக்கப்பட்ட பூர்வீகக் குடிகளின் நிலையும் இதுவே. 1830 இல் அவர்களை வெளியேற்றும் சட்டம் வந்தது. 1838, 1839 ஆண்டுகளில் செரோக்கி மக்கள் மேற்கு நோக்கித் துரத்தப்பட்டதில் ஆயிரக்கணக்கானோர் வழியில் மாண்டனர். 1845 இல் ஜோன் ஓ'சலிவன் என்ற பத்திரிகையாளர், கண்டம் முழுவதும் பரவுவது அமெரிக்காவுக்கு விதிக்கப்பட்ட ஊழ் என்று எழுதினார். அடுத்த ஆண்டே மெக்சிக்கோவுடன் போர் மூண்டது. தன்னைத் தெரிவுசெய்யப்பட்டவன் என்று கருதுபவனுக்கு அடுத்தவனின் காணி தன் காணியாகத் தெரிவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை.

விலக்கு என்ற அதிகாரம்

மூன்றாவது பொருளை விளங்கிக்கொள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றமே போதும். 1998 இல் ரோம் சாசனத்துக்கு 120 நாடுகள் ஆதரவளித்தன. எதிர்த்த ஏழில் அமெரிக்காவும் ஒன்று. 2000 டிசம்பர் 31 இல் கிளிண்டன் கையொப்பமிட்டார். 2002 இல் புஷ் நிர்வாகம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அதே ஆண்டு, அந்நீதிமன்றம் அமெரிக்கப் படையினரைத் தடுத்து வைத்தால் அவர்களை மீட்க அவசியமான எல்லா வழிகளையும் ஜனாதிபதி பயன்படுத்தலாம் என்று சட்டமே இயற்றப்பட்டது. நீதிமன்றம் ஹேக் நகரில் இருப்பதால் விமர்சகர்கள் அதனை 'ஹேக் படையெடுப்புச் சட்டம்' என்று கேலி செய்தனர்.

2023 மார்ச்சில் அதே நீதிமன்றம் புட்டினுக்குப் பிடியாணை பிறப்பித்தபோது அது நியாயமானது என்றார் ஜனாதிபதி பைடன். 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்குப் பிடியாணை வந்தபோது அதே பைடன் அதை மூர்க்கமாகச் சாடினார். 2025 பெப்ரவரியில் ட்ரம்ப் அந்நீதிமன்றத்துக்கு எதிராகத் தடைகளை விதிக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். இரு கட்சிகள், இரு ஜனாதிபதிகள், ஒரே நிலைப்பாடு.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ரோம் சாசனத்தில் எமது இலங்கையும் இணையவில்லை. காரணமாகச் சொல்லப்படுவதும் ஏறக்குறைய அதே வாதம்தான்: எங்கள் விவகாரத்தை நாங்களே பார்த்துக்கொள்வோம். மறுபுறம், சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இலேயே ஏற்று உறுதிப்படுத்திவிட்டது. ஐ.நா. அங்கத்துவ நாடுகளில் இன்னமும் உறுதிப்படுத்தாத ஒரே நாடு அமெரிக்கா.

பெருமைப்படுவது யார்?

2009 ஏப்ரலில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஒபாமாவிடம் இதுபற்றிக் கேட்கப்பட்டது. பிரித்தானியர் தம் நாட்டையும் கிரேக்கர் தம் நாட்டையும் தனிச்சிறப்பானதாக நம்புவது போலவே நானும் அமெரிக்காவை நம்புகிறேன் என்ற கருத்தில் அவர் பதிலளித்தார். எல்லோருக்கும் உண்டு என்றால் அது என்ன தனிச்சிறப்பு என்று அவரை எதிர்த்தரப்பினர் பல ஆண்டுகள் விடாமல் தாக்கினர். அந்தப் பதிலின் தொடர்ச்சியில் தன் நாட்டின் அரசியலமைப்பையும் ஜனநாயக விழுமியங்களையும் அவர் புகழ்ந்திருந்ததை அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

கலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், அமெரிக்கராக இருப்பதில் 'மிக மிக அதிகமாக' பெருமைப்படுவதாகச் சொன்னோர் ஈராக் படையெடுப்பு நடந்த 2003 இல் 70 வீதம். 2025 இல் 41 வீதம். அதே 2025 இல் 'மிக அதிகம்' என்றோரையும் சேர்த்தால் குடியரசுக் கட்சியினரில் 92 வீதமும் ஜனநாயகக் கட்சியினரில் 36 வீதமும் பெருமைப்பட்டனர். பெருமிதம் நாட்டைப் பற்றியதா, ஆட்சியில் இருப்பவரைப் பற்றியதா என்ற கேள்வி இங்கு எழுகிறது.

இன்னொரு வகை நாட்டுப்பற்று

அமெரிக்காவை இத்தோடு எடைபோட்டு முடித்தால் அநீதியாகும். முஹம்மத் அலி 1967 இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் 10,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேன்முறையீட்டில் இருந்ததால் சிறை செல்லவில்லை. ஆனால் குத்துச்சண்டை வீரரின் மிகச் சிறந்த மூன்றரை ஆண்டுகள் போய்விட்டன. 1971 இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாக அவரை விடுவித்தது. தேசத்துரோகி என்று ஏசிய அதே நாடு 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை ஏற்ற அவரை அழைத்தது.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். பெரும்பான்மையினர் அமெரிக்கப் பிரஜைகள். 1944 இல் உயர் நீதிமன்றமும் அதற்கு ஒத்துழைத்தது. 1988 இல் உத்தியோகபூர்வமாக மன்னிப்புக் கோரி, உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கும் சட்டத்தில் ஒப்பமிட்டவர், 'ஒளிரும் நகரம்' பேசிய அதே றீகன். 2018 இல் உயர் நீதிமன்றம் அந்த 1944 தீர்ப்பு தவறானது என்று எழுதியது. எழுதியது எங்கே தெரியுமா? ட்ரம்பின் பயணத் தடையை 5 க்கு 4 என்ற பெரும்பான்மையால் சரிகண்ட அதே தீர்ப்பில். முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட பல நாடுகளைப் பாதித்த தடை அது. பழைய பிழைக்கு வருந்துவது இலகு, நிகழ்காலப் பிழையை அடையாளம் காண்பதுதான் கடினம்.

எங்கள் வாசலில்

2001 செப்டெம்பர் தாக்குதலுக்கு நான்கு நாட்களின் பின், அரிசோனாவில் எரிபொருள் நிலையம் நடத்திய ஒரு சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும்தான் காரணம். அந்நாட்களில் பல முஸ்லிம் குடும்பங்கள் வாசலில் அமெரிக்கக் கொடியைத் தொங்கவிட்டன.

இதை வாசித்தபோது என் சொந்த வாசல் நினைவுக்கு வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பின் நானும் ஒரு தேசியக் கொடி வாங்கிக் கட்டினேன். மகள் கேட்டாள், "வாப்பா, இன்டைக்கு சுதந்திர தினமா?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்த நாட்டை நேசிக்கிறேன், சந்தேகமில்லை. ஆனால் அன்று கொடியைக் கட்டிய கையில் நேசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எனக்கே தெரியும். அக்கொடியின் பச்சைக் கோடு எங்களைக் குறிக்கிறது. எங்கள் கோடு ஏற்கனவே அதில் இருக்கும்போது, நாங்கள் மட்டும் ஏன் அதை மீண்டும் நிரூபிக்க வேண்டியிருந்தது?

தெரிவுசெய்யப்பட்ட தேசம் என்ற எண்ணம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. இந்தத் தீவு பௌத்தத்தைக் காக்கவென்றே தெரிவானது என்ற 'தம்மதீப' நம்பிக்கை மகாவம்ச காலத்திலிருந்து வருகிறது. அரசியல் அதைக் கையிலெடுத்த வேளைகளில் சிறுபான்மையினர் விலை கொடுத்தார்கள். நாமும் சளைத்தவர்களல்ல. எங்கள் ஊர், எங்கள் ஜமாஅத், எங்கள் குடும்பம் என்றவுடன் பிழையும் சரியாகத் தெரியும் நோய் எங்களுக்குள்ளும் உண்டு.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த மாணவனிடம் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். வேறுபட்டது, சிறந்தது, விலக்குப் பெற்றது. முதலாவதை எந்த நாடும் சொல்லலாம். இரண்டாவதை மற்றவர்கள் சொல்லட்டும். மூன்றாவதை யார் சொன்னாலும் நம்பாதே என்றேன்.

"அப்ப இலங்கையப் பத்தி நாங்க பெருமைப்படலாமா சேர்?" என்று பின்வரிசையில் ஒரு மாணவி கேட்டாள். படலாம் என்றேன். இந்த நாடு பிழை செய்யும்போது பிழை என்று சொல்லும் உரிமையும் சேர்ந்ததுதான் அந்தப் பெருமை என்றேன். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். என் வாசலில் கட்டிய கொடியைப் பற்றி மட்டும் நான் அவர்களிடம் சொல்லவில்லை.