பிசுமதுவும் பென்சிற்கரியும்: அரை உலோகங்களின் கதை

மாணவரின் பென்சிலினுள்ளே இருக்கும் கரிய தண்டைப் பொருளாராய்ச்சிக்கு உரியதென எண்ணுவோர் சிலரே. துணுக்காயிற் பயிலும் சிறுவனும் கொழும்பிற் பயிலும் சிறுவனும் அதனைச் சீவி எழுதித் தேய்ந்தபின் எறிந்துவிடுகின்றனர். அத்தண்டிற் களிமண்ணுடன் கலந்துள்ள பென்சிற்கரி இலங்கைக்குப் புதியதன்று. போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களிற் பாறை நரம்புகளாக, மிகத் தூய நிலையில் அது கிடைக்கின்றது. அது உலோகமன்று, எனினும் மின்னைக் கடத்தும். இத்தகைய இடைநிலைப் பொருள்களைப் பௌதிக அறிஞர் அரை உலோகங்கள் என்பர். பிசுமது, அந்திமனி, ஆசனிக்கு என்பனவும் இவ்வினத்தைச் சார்ந்தவை. மின்கடத்துவதிற் செம்புக்கும் வெள்ளிக்கும் பெரிதும் பிற்பட்ட இப்பொருள்களே, உலோகங்களின் உள்ளமைப்பை அறிவதற்கு மனிதனுக்கு வழிகாட்டின என்பது வியப்புக்குரிய வரலாறாகும்.

அவ்வரலாறு பிசுமதுவிலிருந்து தொடங்குகின்றது. 1778ஆம் ஆண்டில் ஒல்லாந்தரான புருக்மன்சு என்பார், பிசுமது காந்தத்தினால் ஈர்க்கப்படாது விலக்கப்படுவதைக் கண்டார். 1821இற் சீபெக்கு என்னும் அறிஞர் பிசுமதுவையும் செம்பையும் வளையமாக இணைத்து, ஒரு மூட்டினைச் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்தவூசி திரும்பிற்று. வெப்பத்தால் மின்னோட்டம் பிறக்குமென்பது இதனாற் புலப்பட்டது. ஓம் என்பார் 1826இல் மின்னோட்டத்தின் விதியை நிறுவுதற்குத் துணைக்கொண்டதும் பிசுமதுவும் செம்பும் சேர்ந்த இத்தகைய இணையே. 1845இல் மைக்கேல் பரடே காந்த விலக்கத்தை முறையாக ஆராய்ந்தபோதும் பிசுமதுவே முதன்மையான சான்றாக விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டிலும் அதன் சிறப்புக் குன்றவில்லை. 1928இற் கேம்பிரிட்சில் ஆய்ந்த கபிற்சா, வலிய காந்தப் புலத்திற் பிசுமதுவின் மின்தடை பெருமளவில் உயர்தலைக் கண்டார். 1930இல் இலைடன் நகரில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையில், சுப்னிக்கோவும் டி ஆசும் அதன் மின்தடையை அளந்தனர். காந்தப் புலம் கூடக்கூட மின்தடை சீராக ஏறாது, அலைபோல ஏறியும் இறங்கியும் வளர்ந்தது. அவ்வாண்டிலேயே டி ஆசும் வான் அல்பெனும் பிசுமதுவின் காந்தத் தன்மையிலும் அதே அலைவைக் கண்டனர். பிற்காலத்திற் செம்பு, வெள்ளி, பொன் ஆகியவற்றின் இலத்திரன் அமைப்பை வரைந்தறிவதற்கு இவ்வலைவுகளே கருவியாயின.

பிசுமதுவுக்கு இத்தனிச் சிறப்பு எவ்வாறு வாய்த்தது? பளிங்கொன்றில் இலத்திரன்கள் கொள்ளத்தக்க சத்திகள் பட்டைகளாக அமைந்துள்ளன. இதனை வன்னியின் குளங்களைக் கொண்டு விளக்கலாம். வவுனிக்குளம் போன்ற ஒரு குளம் விளிம்புவரை நிறைந்துள்ளதென்றும், அதனருகே வெறுங்குளம் ஒன்று உள்ளதென்றும் கொள்வோம். வெறுங்குளத்தின் அடித்தளம் நிறைகுளத்தின் நீர்மட்டத்துக்கு மிக உயரத்தே இருப்பின், நீர் செல்ல வழியில்லை. அது மின்கடத்தாப் பொருளின் நிலை. பாதி நிறைந்த ஒரே குளத்தில் நீர் தடையின்றி அலைவது உலோகத்தின் நிலை. அயற்குளத்தின் அடித்தளம் நிறைகுளத்தின் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழ் அமையின், சிறிதளவு நீர் அங்கே வழியும். விட்டுவந்த குளத்தில் அதே அளவு வெற்றிடம் தோன்றும். இதுவே அரை உலோகத்தின் நிலை. வழிந்த இலத்திரன்களும் அவை விட்ட துளைகளும் சம எண்ணிக்கையில் நின்று மின்னைக் கடத்துகின்றன. பிசுமதுவில் ஏறத்தாழ 1,00,000 அணுக்களுக்கு ஓர் இலத்திரனே இவ்வாறு உலாவுகின்றது. உலாவுவன சிலவாதலாலும், அவை மிக இலேசான துணிக்கைகள்போல் இயங்குவதாலும், காந்தப் புலத்தின் விளைவு அங்கே மறைவின்றித் தெரிகின்றது. பட்டைகளின் இத்தகைய அமைப்பைக் கொண்டு பிசுமதுவின் இயல்புகளை 1934இல் விளக்க முற்பட்டவர் எச். சோன்சு என்னும் ஆங்கில அறிஞராவர்.

அக்காலத்தில் இத்துறையிற் பெரும்பணி புரிந்த தமிழர் ஒருவருளர். 1898இல் வத்திராயிருப்பிற் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன், 1928இல் இராமன் விளைவைக் கண்ட ஆய்விற் சர் சி. வி. இராமனுக்குத் துணைநின்றவர். அவர் டாக்காவிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் பளிங்குகளின் காந்த இயல்பை ஆராய்ந்தார். பளிங்கொன்றை மெல்லிய இழையிற் கட்டிக் காந்தப் புலத்திலே தொங்கவிட்டு, அது திரும்புந் தன்மையை நுணுகி அளத்தல் அவருடைய முறையின் அடிப்படை. பென்சிற்கரியின் காந்த விலக்கம், அதன் அணுப்படைகளுக்குச் செங்குத்தான திசையில் மற்றத் திசையிலும் ஏறத்தாழ நாற்பது மடங்காதலை அவர் கண்டார். 1939இல் அவரும் கங்குலியும் அதன் மின்கடத்தும் ஆற்றல் திசைக்குத் திசை பெரிதும் வேறுபடுதலை அறிவித்தனர். இலத்திரன்கள் படைகளின் வழியே எளிதாய் ஓடுகின்றன; படைவிட்டுப் படை தாவுதல் அவற்றுக்கு அரிது. 1940இற் கிருட்டிணன் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

பென்சிற்கரியின் சத்திப் பட்டைகளை 1947இற் கனடாவிற் பணிபுரிந்த வலேசு கணித்தார். கல்கத்தாவின் அளவீடுகள் அக்கணிப்புக்கு முந்தியவை. கொள்கை பின்னர் வந்தபோதும், கவனத்துடன் செய்த அளவீடு மதிப்பிழக்கவில்லை. அவர் கணித்த தனிப்படையை 2004இல் மான்செசுற்றர் நகரிற் கைமும் நொவோசெலோவும் பிரித்தெடுத்து ஆராய்ந்து, 2010இல் நோபெற் பரிசு பெற்றனர். அவர்கள் படைகளை உரித்தெடுக்கக் கையாண்டது சாதாரண ஒட்டுநாடாவே.

பிசுமதுவின் கதையும் முற்றுப்பெறவில்லை. சாதாரண அமுக்கத்தில் அதன் பளிங்கு மின்தடையின்றிக் கடத்துமா என்பது நெடுங்காலம் விடையற்ற வினாவாயிருந்தது. மும்பாய் தாதா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். இராமகிருட்டிணனும் அவர்தம் குழுவினரும் நூற்றுக்கு 99.9999 பங்கு தூய்மையான பளிங்கைக் குளிர்வித்து, 0.00053 கெல்வின் வெப்பநிலையில் அது மீக்கடத்தியாவதை 2016 திசெம்பரில் வெளியிட்டனர். மீக்கடத்தலை விளக்குதற்கு 1957இல் எழுந்த புகழ்பெற்ற கொள்கை, இத்துணைச் சில இலத்திரன்களையுடைய பொருளுக்கு அப்படியே பொருந்துவதன்று. எனவே அக்கண்டுபிடிப்பு ஒரு வினாவுக்கு விடையளித்து, மற்றொரு வினாவை எழுப்பிற்று.

செல்வம் மிக்க இடத்திலேயே உண்மை மிகுந்து புலப்படுமென எண்ணுதல் இயல்பு. அரை உலோகங்களின் வரலாறு அதனை மறுக்கின்றது. இலத்திரன் மலிந்த செம்பு தன் இரகசியத்தை எளிதில் வெளியிடவில்லை. இலத்திரன் அருகிய பிசுமதுவே அதற்கு வழிதிறந்தது. மும்பாயின் பெருங்கருவி வேண்டப்பட்ட வினாவும் உண்டு. இழையிலே தொங்கிய சிறு பளிங்கு விடையளித்த வினாவும் உண்டு. கருவி குறைந்த ஆய்வுகூடத்திற் பயிலும் மாணவன் இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. ஆராய்தற்குரிய பொருள் அவன் கைப் பென்சிலிலேயே உள்ளது.